முதல் கிக்குக்கு முன்னால்

“நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிதான். சும்மா நிறுத்தி வெச்சிருக்கு. பேட்டரி மட்டும் மாத்தினா போதும்.” ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் பைக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த மூன்று வாக்கியங்களும் வரிசை மாறாமல் வந்துவிடும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. நிறுத்திய அன்று வண்டி நன்றாகத்தான் ஓடியிருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. ஓடுகிற வண்டியில் எது தேயும், எத்தனை கிலோமீட்டரில் தேயும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நிற்கிற வண்டிக்கு அது கிடையாது. பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாக ஒட்டும். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் வழிந்து இறங்கி, வெறும் இரும்பின்மேல் காற்றின் ஈரம் படியும். பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சும். ரப்பர் இறுகும். இதில் எதுவும் ஓடோமீட்டரில் ஏறுவதில்லை. அதனால்தான் “பத்து வருஷ வண்டி, ஓடினது நாலாயிரம்தான்” என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

அடுத்து நடப்பதும் பழகிய காட்சிதான். புது பேட்டரி, ஒரு லிட்டர் பெட்ரோல், “ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்துடலாம்”. இந்த வரிசையோடுதான் எனக்கு நெடுநாள் சண்டை. ஸ்டார்ட் ஆகிறதா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஆகிவிட்டால் என்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருளில்லை. ஆகாவிட்டால் கெட்டுவிட்டது என்றும் பொருளில்லை. ஆனால் அதைக் கேட்டுப் பார்க்கும் பத்து விநாடிக்குள் துரு ஏறிய போரில் (சிலிண்டரின் உட்சுவரில்) பிஸ்டன் ரிங் உரசிக் கோடு விழலாம், பெட்ரோல் இறங்கி நிரம்பிய சிலிண்டரில் பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராட் வளையலாம், எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு இன்லெட் வழியாக உள்ளே போகலாம். கழற்றித் துடைத்து மாட்டினால் முடிந்துவிடும் என்றிருந்த வேலை, என்ஜினை இறக்கிப் பிரிக்கிற வேலையாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆகவே சாவியைத் தொடாமல் முதலில் பார்வை. சீட்டைக் கழற்றுங்கள், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள், சைலன்ஸர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். எலிக்கு இந்த மூன்று இடமும் பிடிக்கும். ஒயரிங்கில் பல் பட்ட இடம் இருந்தால் பேட்டரி மாட்டுவதற்கு முன்பே அது தெரிந்தாக வேண்டும். ஃபோம் வகை ஏர் ஃபில்டராக இருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்தப் பொடி ஏற்கெனவே கார்புரேட்டர் வாய்வரை போயிருக்கும், அதையும் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு ஆயில் டிப்ஸ்டிக். ஆயில் குறைவாக இருந்தால் கவலைப்படுகிறோம், ஆனால் அதிகமாக இருந்தால்தான் இன்னும் அதிகம் கவலைப்பட வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி நின்று, மோந்தால் பெட்ரோல் வாசனை வந்தால், பெட்ரோல் டேப்பை மூடாமல் நிறுத்தியிருக்கிறார்கள், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைத்து நிறுத்தும் ஃப்ளோட் ஊசி கசிந்திருக்கிறது, டேங்கில் இருந்தது இன்லெட் வழியாக சிலிண்டருக்கும் அங்கிருந்து ரிங் இடைவெளியில் கீழே ஆயிலுக்கும் இறங்கியிருக்கிறது என்று பொருள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர். இரண்டில் எதுவானாலும் அந்த ஆயிலோடு என்ஜினை ஒரு சுற்றுகூடச் சுற்றக்கூடாது. முதலில் வடித்து, ஃபில்டரும் மாற்றி, புது ஆயில். வெட் கிளட்ச் வண்டிக்கு, அதாவது கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் வண்டிக்கு, ஜாசோ எம்ஏ (JASO MA) தரம் போட்ட ஆயில்தான் சரி. காருக்கான ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்ச் பிளேட்டை வழுக்க வைக்கும்.

கையால் ஒரு சுற்று

இந்த முழு வேலையிலும் வண்டியின் தலைவிதி தெரியவரும் நிமிடம் ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு, என்ஜினை முதல்முறையாகக் கையால் திருப்பும் நிமிடம் அது. அதை அவசரப்படுத்துகிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும்.

பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள குழியை காற்றடித்தோ பிரஷ்ஷாலோ சுத்தம் செய்யுங்கள். பல வருஷ மண் அங்கே உட்கார்ந்திருக்கும், பிளக் வெளியே வந்ததும் அது நேராக சிலிண்டருக்குள் விழும். பிளக் இறுகியிருந்தால் அடியில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை உரிந்துவிட்டால் அது தனிக்கதை. பிளக் வந்த பிறகு, போனில் மாட்டும் குச்சி கேமரா கிடைத்தால் உள்ளே விட்டுப் பாருங்கள். போர் பளபளவென்றோ லேசான பழுப்போடோ இருந்தால் நல்லது. ஒரே மட்டத்தில் வளையம்போல் துரு தெரிந்தால், நிறுத்திய நேரத்தில் ரிங் அங்கே நின்றிருக்கிறது, ஏதோ ஒரு வால்வு திறந்திருக்கிறது, சைலன்ஸர் வழியாகவோ ஏர் ஃபில்டர் வழியாகவோ ஈரக் காற்று அத்தனை காலமும் உள்ளே வந்து போயிருக்கிறது.

ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. அளவு என்ஜின் ஆயிலை பிளக் துவாரம் வழியாக விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். இதற்குமேல் ஊற்றத் தேவையில்லை. மறுநாள் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னோக்கி மெல்லத் திருப்புங்கள். மேக்னெட் பக்கத்துக் கவரில் கிராங்க் போல்ட்டுக்கு மூடி இருக்கும் வண்டிகளில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, என்ஜின் ஓடும் திசையிலேயே திருப்பலாம். எதிர்த்திசையில் சுற்றினால் சில என்ஜின்களில் டைமிங் செயின் தளர்ந்து பல் தாண்டும் வாய்ப்பு உண்டு. பிளக் துவாரத்தின்மேல் ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் பீய்ச்சும். அதோடு சேர்ந்து பெட்ரோலும் பீய்ச்சினால் உங்களுக்கு நல்ல காலம். பிளக் இருக்கும்போது செல்ஃப் அடித்திருந்தால் அந்தப் பெட்ரோல் போக வழியில்லாமல் நின்றிருக்கும். திரவம் அமுங்காது, ராட்தான் வளையும்.

கையில் என்ன தெரிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல என்ஜின் ஒரே சீரான எதிர்ப்போடு சுற்றும், வால்வு ஸ்பிரிங் அமுங்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கனத்து விடுபடும். ஒரு இடத்தில் கரகரவென்று உரசினால் போரில் துரு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சட்டென்று முட்டினால் மேற்கொண்டு தள்ளாதீர்கள். வால்வு ஒன்று வழிகாட்டிக் குழலுக்குள் துருவேறி இறங்கின நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம், பிஸ்டன் அதன்மேல் முட்டலாம். ஹெட்டின் மேலே இருக்கும் டேப்பெட் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றினால் இது கண்ணுக்கே தெரியும். வால்வை அழுத்தும் ராக்கர் இறங்கி ஏறும்போது வால்வும் கூடவே ஏறிவர வேண்டும். ஒரு வால்வில் மட்டும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பல மடங்கு இடைவெளி காட்டினால் அந்த வால்வு கீழேயே நிற்கிறது. தண்டில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, பிஸ்டன் கீழே இருக்கும்போது மரச்சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி வேலை செய்ய வைக்கலாம். நன்றாக இயங்கினால் அதே மூச்சில் டேப்பெட் இடைவெளியையும் வைத்துவிடுங்கள். சிறிய ஒற்றை சிலிண்டர் என்ஜின்களில் இன்லெட் 0.05 முதல் 0.10 மி.மீ. என்பது அடிக்கடி காணும் அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே முடிவான எண்.

சுற்றவே இல்லையென்றால்? கிக்கரின்மேல் ஏறிக் குதிப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். கிக் ஷாஃப்ட்டின் பல் போகும், இல்லையென்றால் ரிங் உடையும். அதற்குப் பதில் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான ஆயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சம அளவில் கலந்து பிஸ்டன் தலை மூழ்கும் அளவுக்கு விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்போ ஹீட்டரோ கூடாது. சில நாட்கள் விட்டு, அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சமும் இறங்கவில்லையென்றால் ரிங்கும் போரும் ஒட்டியிருக்கின்றன. டாப் கியரில் சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டிப் பாருங்கள். இங்கே மட்டும் பின்னோக்கியும் ஆட்டலாம், நகர்வதே ஒரு மயிரிழைதான். தினம் ஒருமுறை ஆட்டி, மறுபடி ஊறவிடுவது அலுப்பான வேலை, ஆனால் பலிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் அசையவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றுவதே நேர்வழி. விடுபட்டுவிட்டாலும், துருவால் பிடித்திருந்த என்ஜினை அப்படியே ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரிங் பள்ளத்துக்குள் ஒட்டியபடி இருக்கும், துருக்குழியின் விளிம்பு அதைச் சீவும். ஹெட்டையும் பிளாக்கையும் தூக்கிப் பார்த்து, ஹோன் செய்து (போரின் சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கி) புது ரிங் போட்டால் போதுமா, போரை அகலப்படுத்தி அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டுமா என்று அளந்து முடிவெடுப்பது நல்லது.

தாராளமாகச் சுற்றுகிற என்ஜினுக்கு, சிலிண்டரில் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று போட்டுப் பாருங்கள். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு கிக் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண் குறைவாகக் காட்டும். சிறிய நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 12 கிலோ வந்தால் மகிழ்ச்சி. 7-க்குக் கீழே என்றால் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் டீகம்ப்ரஷன் அமைப்பு கேம் ஷாஃப்ட்டில் இருக்கும் வண்டிகளில் இந்த எண் இயல்பாகவே குறையும் என்பதை மறந்து பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு, பிளக் இல்லாமலேயே, கில் சுவிட்சை அணைத்துவிட்டு இருபது முப்பது கிக். எதிர்ப்பு இல்லாததால் லேசாகப் போகும். புது ஆயிலை பம்ப் மேலே ஏற்றி ராக்கர்வரை கொண்டுபோக இது போதும்.

பெட்ரோல் போகும் வழி

நேரத்தைத் தின்னும் பகுதி இதுதான், குறுக்குவழி தேடி எல்லாரும் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். பழைய பெட்ரோலில் புதுசை ஊற்றிக் கலந்தால் சரியாகிவிடும் என்பது அதில் முதலாவது. டேங்க் மூடியைத் திறந்தால் பெயின்ட் கடை வாசனை, நிறம் டீக்கஷாயம் மாதிரி என்றால் அதில் ஒரு சொட்டுகூடக் கார்புரேட்டருக்குப் போகக்கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கல். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதம்வரை தண்ணீரைத் தாங்கும். அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேப்பின் வாய் இருப்பதும் அந்த அடியில்தான். கார்புரேட்டரின் அலுமினியமும் துத்தநாகக் கலவையும் வெள்ளைப் பொடியாக அரித்துக் கிடப்பது பெரும்பாலும் இதனால்.

டேங்கை இறக்கி, வடித்து, டேப்பையும் அளவு காட்டும் ஃப்ளோட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே எல்.இ.டி. டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான பழுப்பு என்றால் சிட்ரிக் அமிலம் போதும். முதலில் சோப்புத் தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி பெட்ரோல் வாடை போக வேண்டும். பிறகு லிட்டருக்கு 50 முதல் 100 கிராம்வரை சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை வாய்வரை நிரப்பி ஓர் இரவு. பொருக்குத் துரு என்றால் ஒரு கை நிறைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். போடுவதற்கு முன் எண்ணிக்கொள்ளுங்கள், வெளியே வந்தவற்றையும் எண்ணுங்கள். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. துருவோடு தகட்டையும் அது தின்னும், கழுவிய அரைமணியில் முன்னைவிட வேகமாகத் துருவேறும். சிட்ரிக் அமிலத்தை வடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, உடனே சூடான காற்றால் உலர்த்துங்கள். உலர்ந்த கையோடு கொஞ்சம் ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் சுழற்றிவிட வேண்டும், அல்லது பெட்ரோலை நிரப்பிவிட வேண்டும். காலியாக ஓர் இரவு வைத்தால் காலையில் மறுபடி ஆரஞ்சு நிறம். உள்ளே பூசும் எபாக்ஸி கோட்டிங் எனக்குக் கடைசி வழி. ஓட்டை விழுந்த டேங்குக்கு வேறு வழியில்லை, மற்றபடி அது உரிந்து வரத் தொடங்கினால் துருவையே விரும்புவோம்.

டேப்பில் உள்ள சல்லடையும் ரப்பர் வாஷரும், கீழே வரும் ஹோஸும் புதுசு. வளைத்தால் வெடிக்கிற ஹோஸை கிளிப் போட்டு இறுக்கிப் பயனில்லை. கூடவே டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துவாரத்தை ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகி, சில கிலோமீட்டர் ஓடி, மூச்சடைத்து நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றி மாட்டியும் பிடிபடாத கோளாறு பல நேரம் இந்தத் துவாரம்தான்.

கார்புரேட்டரைப் பிரிக்காமல் பெட்ரோலில் கலந்து ஊற்றும் கிளீனர் திரவத்தை நம்புகிறவர்கள், அதில் உள்ள துளைகளின் அளவை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஸ்லோ ஜெட்டின் துளை 0.35 முதல் 0.45 மி.மீ.க்குள் இருக்கும். கெய்ஹின் கார்புரேட்டரில் 38 என்று எண் பொறித்திருந்தால் 0.38 மி.மீ. முற்றிலும் அடைத்துப்போன துளைக்குள் பெட்ரோலே போகாது, பெட்ரோலில் கலந்த கிளீனர் மட்டும் எப்படிப் போகும்? ஆக, பிரிக்கத்தான் வேண்டும். ஃப்ளோட் கிண்ணத்தின் திருகுகள் பல வண்டிகளில் ஜப்பானிய அளவுத் தலை கொண்டவை. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் சரியாக உட்காராமல் தலையை அரைத்துவிடும். பெட்ரோல், காற்றுக் கலவையை அமைக்கும் மிக்சர் திருகைக் கழற்றும் முன், அதை உள்பக்கம் மெல்லத் திருகி, உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தி இறுக்கினால் கூர்முனை தேயும் அல்லது உள்ளேயே உடையும். திருகு என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் திருகு, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றுத் திருகு, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். பெட்ரோல் திருகோடு ஸ்பிரிங், சிறு வாஷர், ஓரிங் மூன்றும் வர வேண்டும். ஓரிங் வரவில்லையென்றால் அது துளைக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது, கிளீனர் அடிக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

ஜெட்டுகளையும், குறுக்குத் துளைகள் உள்ள எமல்ஷன் குழலையும் கழற்றி கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும், அரைவட்டம் போதாது. இரும்புக் கம்பியால் குத்தினால் பித்தளை அகலமாகிவிடும், அதன்பின் எந்த மிக்சர் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நைலான் மீன்பிடி நரம்பு ஆபத்தில்லாதது. பலரும் மறக்கும் துளை ஒன்று உண்டு. சோக் வேலை செய்யப் பெட்ரோல் எடுக்கும் பாதை கிண்ணத்தின் ஓரமாக, ஒரு மெல்லிய குழல் வழியாக வரும். மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தும் குளிர்ந்த என்ஜின் பிடிக்க மறுத்தால் அதைப் பாருங்கள். ரப்பர் டயாஃப்ரம் உள்ள கார்புரேட்டரில் கிளீனர் பட்டால் டயாஃப்ரம் உப்பி மடங்கிவிடும், முதலிலேயே கழற்றித் தனியே வையுங்கள். ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனையில் வளையமாகத் தடம் விழுந்திருந்தால் புது ஊசி போடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். மறுபடி ஆயிலில் பெட்ரோல் இறங்குவது அங்கிருந்துதான் தொடங்கும். என்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரை வளைத்துப் பாருங்கள், விரிசல் உள்பக்கம்வரை போயிருந்தால் அதுவும் மாற்ற வேண்டும்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கார்புரேட்டர் இல்லை என்பதால் வேலை குறைவு என்று நினைப்பது ஓரளவுதான் சரி. சாவி போட்டதும் கெட்டுப்போன பெட்ரோலை டேங்குக்குள் இருக்கும் பம்ப் இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, பம்பை வெளியே எடுத்து, அடிச் சல்லடையைப் பார்த்து, ஃபில்டரை மாற்றி, புது பெட்ரோல் ஊற்றிய பிறகே ஃப்யூஸ் போட வேண்டும். பம்பின் பெரிய ஓரிங் எத்தனாலில் உப்பியிருக்கும், கழற்றினால் மறுபடி அதன் பள்ளத்தில் உட்காராது. புதுசை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு திறப்பது புத்திசாலித்தனம். சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி பம்ப் ஓசை கேட்க வேண்டும். மூன்று நான்கு முறை சாவியைப் போட்டு அணைத்தால் குழாயில் அழுத்தம் ஏறிவிடும். ஓசை கேட்டும் என்ஜின் பிடிக்கவில்லையென்றால் இன்ஜெக்டரைக் கழற்றித் தூவல் எப்படி விழுகிறது என்று பார்ப்பதே முறை.

மின்சாரம்

இங்கே நீட்ட அதிகம் இல்லை. முழு சார்ஜில் நிற்கும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி 12.6, 12.7 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. 10.5-க்கும் கீழே மாதக்கணக்கில் கிடந்திருந்தால் பிளேட்டில் சல்ஃபேட் படிந்திருக்கும், பெரும்பாலும் அது திரும்பி வராது. சார்ஜ் செய்வதென்றால் ஆம்பியர்-ஹவரில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம், 9 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். சார்ஜை எடுத்து ஓர் இரவு விட்டும் 12.4-க்கு மேலே நிற்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. செல்ஃப் மோட்டார் சுற்றுகிறதே, பேட்டரி நல்லதுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். வோல்டேஜ் விழுந்தால் இன்ஜெக்‌ஷன் வண்டியை இயக்கும் கணினியான இ.சி.யு. பொறி கொடுக்காமல் சும்மா இருக்கும்.

ஸ்பார்க் வரவில்லையென்றால் காயிலைச் சந்தேகிக்கும் முன் கில் சுவிட்சை இருபது முப்பது முறை போட்டு அணையுங்கள். செப்பில் பச்சை பூத்த கனெக்டர்கள், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஃபிரேமோடு சேரும் எர்த் போல்ட், இவை மூன்றும் அடுத்து. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயர் நுனியில் 5 மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி திருகினால் உயிர் வந்த வண்டிகள் எத்தனையோ. ஸ்பார்க் சோதிக்கும்போது பிளக்கை ஹெட்டில் அழுத்திப் பிடியுங்கள், ஆனால் பிளக் துவாரத்திலிருந்து தூரத் தள்ளி. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும்.

ஓடும் முன் நிற்க வேண்டும்

என்ஜின் பிடித்துவிட்டால் அந்த உற்சாகத்திலேயே தெருவில் ஒரு சுற்று போய்வரத் தோன்றும். அதனால்தான் பிரேக்கை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்று சொல்கிறேன். டிரம் பிரேக்கில் கேம் தண்டு துருவேறித் திரும்ப மறுக்கும். அதைவிட மோசம், ஷூவின் லைனிங் ஒட்டு விட்டு டிரம்முக்குள் தனியே கிடப்பது. வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, முதல் அழுத்தத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், கேம் தண்டை உருவி உப்புத்தாள் போட்டு, சிறிது கிரீஸ் தடவி மாட்டுங்கள். டிஸ்க் பிரேக்கில் பிரேக் ஆயில் முழுக்க மாற்றியாக வேண்டும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், தண்ணீர் ஏறியபின் தரநிலை கேட்பது 155 மட்டுமே. கேலிப்பர் பிஸ்டனைத் துடைக்காமல் உள்ளே தள்ளினால் துருவும் மண்ணும் சீலைக் கிழிக்கும். பிரேக் விட்ட பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் ஊசித்துளை அடைத்திருக்கலாம். பிரேக் ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் புதுசுபோல் இருப்பதைப் பார்த்து ஏமாறுவது எளிது. ஆறு வருஷம் தாண்டிய டயரைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும், பத்தைத் தாண்டியதைக் குப்பையில் போட வேண்டும். காற்றில்லாமல் ஒரே இடத்தில் நின்ற டயரின் பக்கவாட்டு நூல் உடைந்திருக்கும், வயது பார்க்காமலே அதை மாற்றிவிடலாம்.

கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்பதை வண்டி முன்னால் பாய்ந்த பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது. கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுற்ற மறுத்தால், டாப் கியரில் கிளட்சைப் பிடித்தபடியே வண்டியை முன்னும் பின்னும் ஆட்டலாம். அடங்காவிட்டால் லீவரைக் கைப்பிடியோடு கட்டி ஓர் இரவு விடலாம். பெரும்பாலும் விட்டுவிடும். ஆக்சிலேட்டர் கேபிள் எந்தத் திருப்பத்திலும் தானாகச் சட்டென்று திரும்ப வேண்டும், ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிச் சோதியுங்கள். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, மடங்கிய கண்ணிகளைத் தளர்த்தி, ஆயில் விடுங்கள். ஓரிங் செயினில் பெட்ரோல் படக்கூடாது.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம்

திறந்த வெளியில், நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைச் சாய்க்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் டேங்கை மாட்டாமல், தொங்கவிட்ட சிறு பாட்டிலில் இருந்து கால் லிட்டர் புது பெட்ரோல் கொடுத்துத் தொடங்குவது நல்லது. கசிந்தால் நிறுத்தக் கிள்ளிப் பிடித்தாலே போதும். புது பிளக், சோக், ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிக்.

பிடித்ததும் நீலப் புகை வரும். அது நாம் ஊற்றிய ஆயில், சில நிமிடத்தில் அடங்கும். வெள்ளைப் புகை சைலன்ஸரில் இருந்த ஈரம். பத்து நிமிடம் தாண்டியும் நீலம் நிற்கவில்லையென்றால் ரிங் அல்லது வால்வு சீல். முதல் விநாடிகளில் பார்க்க வேண்டியது ஆயில் விளக்கு. விளக்கே இல்லாத வண்டியில் டேப்பெட் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஆயில் வந்து நனைக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அடுத்த நொடி அணைக்க வேண்டும். 4000, 5000 சுற்றில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருந்தால் சார்ஜிங் சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் புது பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் ஸ்லோ ஜெட் இன்னும் சுத்தமாகவில்லை. ஐடிலிங் தானாக ஏறி இறங்கினால் இன்டேக் ரப்பரில் காற்றுக் கசிவு. சூடானதும் நின்று, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறதென்றால் டேப்பெட் இறுக்கம் அல்லது காயில். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஒரு தனி எச்சரிக்கை. கிராங்க் ஆயில் சீல் காய்ந்து விரிந்திருந்தால் ஒரு பக்கம் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும், மறுபக்கம் வெறும் காற்றை இழுத்துப் பிஸ்டன் சூடாகி சிலிண்டரில் இறுகிச் சீஸ் ஆகும். அங்கே ஸ்டார்ட் ஆனது எதற்கும் அத்தாட்சியில்லை, சீல் மாற்றாமல் வேகமாக ஓட்ட வேண்டாம்.

இனி “வாரம் ஒருமுறை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சா போதும்” என்ற அறிவுரை வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. முழுக்கச் சூடாகாத என்ஜினில் அதன் ஒரு பகுதி ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்தால் அரைமணியாவது ரோட்டில் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாமலே விட்டுவிடுங்கள். முதல் ஓட்டமும் அப்படித்தான். நடை வேகத்தில் பிரேக்கை நாலைந்து முறை சோதித்து, பிறகு அரை ஆக்சிலேட்டருக்குள் அரைமணி. திரும்பி வந்ததும் முன்பக்க ஃபோர்க்கின் ஆயில் சீல், என்ஜின் பேக்கிங், சக்கர பேரிங் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்த சீல்கள் கசியத் தொடங்குவது ஆயில் சூடான பிறகுதான்.

100 முதல் 200 கிலோமீட்டருக்குள், சூடாக இருக்கும்போதே, ஆயிலை மறுபடி வடிக்க வேண்டும். புதுசாக இருக்கிறதே என்று மனம் வராது. வெள்ளைத் துணியின்மேல் வடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கருத்த நுண்துகளும் பழுப்பும் வந்தால் அது உள்ளே கழுவி வந்த துருவும் பிசினும், எதிர்பார்த்ததுதான். டிரெய்ன் போல்ட் காந்தத்தில் மயிர்போன்ற மெல்லிய துகள் இருக்கலாம். வெள்ளியாக மினுங்கும் செதில்கள், விரலில் உரசினால் உறுத்தும் அளவுக்கு இருந்தால், பேரிங் எதுவோ துருவேறிய ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வண்டியை அன்றே நிறுத்தி என்ஜினைப் பிரித்துவிடுங்கள்.